உறந்தைக் கள்ளும் பண்டைத் தமிழரின் சுவையறி சொற்களும்

முன்னுரை

சங்கச் செய்யுட்களைப் பயில்வார் கள், நறவு, தேறல், மட்டு, மது, தோப்பி, பிழி, அரியல், கந்தாரம் எனக் குடிவகைகளைச் சுட்டும் சொற்கள் பலவற்றை அவற்றுள் காண்பர். வகுப்பறையிலும் எளிய உரைகளிலும் இவை அனைத்திற்கும் ‘கள்’ என்னும் ஒரு பொருளே பெரும்பாலும் கூறப்பெறுகின்றது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் கள்ளின் பெயர்களை ஒருங்கே தொகுத்து ஒருபொருட் பன்மொழியாக வைத்தமை இவ்வழக்கத்திற்குத் துணையாயிற்று. நிகண்டு, செய்யுள் செய்வார்க்குச் சொல்வளம் நல்கும் நூல். ஒரு சொல்லுக்கும் பிறிதொரு சொல்லுக்கும் இடையே நிற்கும் நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுவது அதன் நோக்கமன்று. ஆயின், புலவர் ‘தேறல்’ என்ற இடத்தும் ‘தோப்பி’ என்ற இடத்தும் ஒரே பொருளைத்தான் கருதினரா என்னும் வினா விடையின்றி நிற்கின்றது.

இவ்வினாவிற்கு விடை காண, இக்காலத்துப் பொழுதுபோக்கு ஒன்று ஒரு வழியைக் காட்டுகின்றது. சிறிய ஆலைகளில் சிறிய அளவில் ஆக்கப்பெறும் பீர் வகைகளைச் சிறிது சிறிதாகச் சுவைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் குறிப்பெழுதுதல் மேலைநாடுகளிற் பலருக்கு உவப்பான பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. 1971இல் இங்கிலாந்தில் மரபுவழிப் பீர் வகைகளைக் காத்தற்கென ஓர் இயக்கம் தோன்றிற்று. 1976இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் நியூ ஆல்பியன் என்னும் சிறு ஆலை தொடங்கப்பெற்றது. 1977இல் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் உலகப் பீர் வகைகளை இனம் பிரித்து ஒரு நூல் வெளியிட்டார். 1979இல் மெயில்கார்ட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பீரின் மணத்தையும் சுவையையும் 14 பெருவகுப்புகளாகப் பகுத்து, ஒரு சக்கர வடிவில் அமைத்துக் காட்டினர். இந்தியாவில், பெங்களூர் நகரில் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் இத்தகைய சிறு ஆலைகள் பெருகின.

இப்பொழுதுபோக்கினர் ஒரு குடிவகையை நோக்கிக் கேட்கும் வினாக்கள் ஐந்தென்று தொகுத்துக் கூறலாம். அது எப்பொருளால் ஆயது? எம்முறையால் ஆக்கப்பட்டது? தெளிந்ததோ கலங்கியதோ? எத்துணை நாள் முதிர்ந்தது? அதன் மணமும் சுவையும் கடுப்பும் எத்தன்மையன? இவ்வைந்து வினாக்களையும் சங்கச் சொற்களை நோக்கிக் கேட்பின், நிகண்டு ஒன்றாக்கிய சொற்கள் மீண்டும் தனித்தனியே பிரிந்து நிற்கக் காணலாம். இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் தொடக்கமாக உறையூரையும் அதன் எதிரே காவிரியின் நடுவே விளங்கும் அரங்கத்தையும் கொள்வோம். கள்ளின் சுவையைச் சுட்டும் அடைமொழிகளுடன் பாடப்பெற்ற பேரூர் அதுவாதலின் என்க.

உறந்தையும் அரங்கமும்

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், பண்டு உறந்தை எனப் பெயர் பெற்றுச் சோழர் தலைநகராய் விளங்கியது. அகநானூற்றின் 137ஆம் பாட்டு உறையூர் முதுகூத்தனார் பாடியது; பாலைத்திணையைச் சார்ந்தது. பிரிவினை எண்ணி வேறுபட்ட தலைவியை நோக்கித் தோழி கூறும் கூற்றாக அமைந்தது. தலைவன் இன்னும் செல்லத் துணிந்திலன். ஆயினும் தலைவியின் நெற்றி அதற்குள்ளாகவே பொலிவிழந்து பாழ்பட்டது. இதற்குப் புலவர் காட்டும் உவமையே நாம் நோக்குதற்குரியது. உறந்தையின்கண், கரையை இடித்துவரும் பேரியாற்றின் மணல் பரந்த பொழிலில் பங்குனித் திங்களில் விழாக் கூட்டம் நிகழ்ந்தது. அது கழிந்த மறுநாள், தீயற்ற அடுப்புக்களோடு வெறிச்சோடிக் கிடந்த அரங்கத்தைப் போன்றது தலைவியின் நெற்றி என்கின்றார்.

இப்பாட்டில் வரும் அரங்கம் திருவரங்கமே எனக் கொள்வாரும், ஆற்றிடைக்குறை என்னும் பொதுப்பொருளில் வந்ததெனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், உறையூரும் ஆற்றிடை அரங்கமும் பங்குனித் திங்களும் ஒரே பாட்டில் இணைந்து நிற்றல் கருதத்தக்கது. இன்றும் பங்குனிப் பெருவிழாவில் திருவரங்கத்து நம்பெருமாள் உறையூர்க் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுகின்றார். பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் தாயாருடன் சேர்த்தி நிகழ்கின்றது. பாட்டு எக்கடவுளின் பெயரையும் கூறவில்லை. ஆதலின் அவ்விழாவே இவ்விழா என்று துணிதற்கில்லை. ஆற்றின் இருபுறத்து ஊர்களும் அத்திங்களில் கூடும் வழக்கு தொன்மையது என்னும் அளவே ஈண்டு போதும்.

இவ்வளவு இரங்கத்தக்க ஓர் உவமையினிடையே, புலவர் உறந்தையைச் சுட்டுங்கால் மாடத்தாலும் மதிலாலும் சுட்டாது அவ்வூர்க் கள்ளால் சுட்டுகின்றார். அக்கள்ளிற்கு ‘இன்’ என்பதும் ‘கடு’ என்பதும் ஆகிய இரண்டு அடைகளைத் தருகின்றார். விழா நாளின் நிறைவை முன்வைத்தே மறுநாளின் வெறுமை உணர்த்தப்படுகின்றது. ஆதலின் கள்ளும் அவியாத அடுப்பும் அந்நிறைவின் அடையாளங்களாக நின்றன எனலாம். புலவர் உறையூரினர் ஆதலின், தம் ஊர்க் கள்ளின் தன்மையை அறிந்தே கூறினார் என்று கொள்ளுதற்கும் இடனுண்டு.

இனிமையும் கடுமையும்

இவ்விரண்டு அடைகளையும் வெற்றுச் சிறப்பாகக் கருதிக் கடந்து செல்லுதல் எளிது. ஆனால், நொதித்தலின் இயல்பை அறிந்தார்க்கு இச்சேர்க்கை வியப்பைத் தரும். பனையினின்றோ தென்னையினின்றோ இறக்கிய சாறு இயல்பாக இனிமையுடையது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சாற்றிலுள்ள சருக்கரையை உண்டு அதனைச் சாராயச் சத்தாகவும் கரியமில வளியாகவும் மாற்றுகின்றது. எனவே கடுப்பு ஏற ஏற இனிமை குறைதல் வேண்டும். காலையில் இறக்கிய சாறு மாலைக்குள் இனிமை குன்றிக் கடுப்பேறுவதும், பின்னும் வைத்திருப்பின் புளித்துக் காடியாவதும் இதனாலேயே ஆகும். இனிமையும் கடுமையும் ஒரே கலத்தில் எதிரெதிராக இயங்கும் பண்புகள். ஒன்றின் இழப்பில் மற்றொன்று வளர்வது.

இரண்டும் ஒருங்கு நிற்க வேண்டுமாயின், தொடக்கத்தில் இனிப்புப் பொருள் மிகுதியாக இருத்தல் வேண்டும். அல்லது நொதித்தல் உரிய பதத்தில் நிற்றல் வேண்டும். ஜெர்மானிய நாட்டு மியூனிக் நகரத்து டாப்பல்பாக் என்னும் பீர் வகை இவ்வியல்பினது. முளைத்தானியத்தை வழக்கத்தின் மிகுதியாகப் பெய்து ஆக்கப்பெறுதலின் அது கடுமை மிக்கதாய் இருந்தும் இனிமை நீங்காதது. இனிமையும் கடுமையும் ஒத்து நிற்பதனையே சுவையறிவோர் ‘சமன்’ எனப் பாராட்டுவர்.

இவ்விரண்டு அடைகளும் உறந்தைப் பாட்டில் மட்டும் வந்தவையல்ல. நற்றிணையின் 10ஆம் பாட்டிலும் சோழரைக் குறிக்குமிடத்து அவர்தம் கள்ளிற்கு இதே இரண்டு அடைகள் வருகின்றன. எனவே இனிமையும் கடுமையும் ஒருங்குடைய கள் என்பது சோழர்க்குரிய சிறப்புத் தொடராகப் புலவரிடையே வழங்கிற்று என்பது பெறப்படும். இது நாவினால் அறிந்து வகுத்த மதிப்பீடு, வெறும் புகழ்ச்சியன்று.

பெயர்களின் வேறுபாடு

இனிப் பெயர்ச்சொற்களை நோக்குவோம். இச்சொற்களுட் பல தம் பிறப்பிலேயே ஒரு செயலையோ பண்பையோ உணர்த்துவன. ‘தேறல்’ என்பது தேறு என்னும் வினையடியாகப் பிறந்தது. கலங்கல் நீங்கித் தெளிந்ததனைக் குறிப்பது. ‘அரியல்’ என்பது அரித்தலின் வழியது. வடித்தெடுத்தல் அதன் கருத்து. ‘பிழி’ என்பது பிழிந்தெடுத்ததைக் குறிக்கும். ‘நறவு’ என்பது நறுமை என்னும் மணப்பண்பினைத் தன்னகத்தே கொண்டது, தேனுக்கும் பெயராவது. ‘மகிழ்’ என்பது குடித்தார் எய்தும் நிலையினாற் பெற்ற பெயர். எனவே தெளிவு, வடிப்பு, பிழிவு, மணம், பயன் என ஐவேறு நோக்கில் பெயர்கள் எழுந்துள்ளன. இவை ஒரே குடிவகையின் ஐந்து பெயர்களாகவும் அமையலாம். ஆயினும் ஒவ்வொன்றும் அதன் ஒவ்வொரு பண்பை எடுத்துக் கூறுகின்றது என்பதை மறுத்தற்கில்லை.

இவை வேறுபட்ட பொருளுடையன என்பதற்குச் செய்யுளிலேயே சான்றுண்டு. புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டை நினைந்து இரங்குங்கால், நிலத்தில் புதைக்கப்பட்டு முதிர்ந்த மட்டினது தேறலைக் குடிதோறும் வழங்கிய செய்தியைக் கூறுகின்றார். மட்டும் தேறலும் ஒருபொருட் சொற்களாயின் ‘மட்டினது தேறல்’ எனல் பொருந்தாது. மட்டு என்பது மூலம். தேறல் என்பது அதன் தெளிவு. இவ்வோரிடமே நிகண்டின் சமன்பாட்டை ஐயுறுதற்குப் போதியது.

‘அடுதல்’ என்னும் வினையும் ஈண்டு நோக்கத்தக்கது. பனை, தென்னை ஆகியவற்றின் கள்ளுக்கு அடுப்பு வேண்டுவதில்லை. மரத்தினின்று இறங்கும்போதே அது நொதிக்கத் தொடங்கிவிடும். தானியத்தினால் ஆக்கும் குடிவகைக்கோ தானியத்தைச் சமைத்தல் முதற்செயலாகும். ஆதலின் ‘அடு’ என்னும் அடைபெற்று வரும் கள்ளும் நறவும் பெரும்பாலும் அடுப்பேறிய தானியக் கள்ளாதல் கூடும். பெரும்பாணாற்றுப்படையின் 142ஆம் அடியில் மறவர் பருகும் தோப்பி, இல்லத்தில் அடப்பட்ட கள் எனச் சுட்டப்படுதல் இதற்கு அரண் செய்யும். தோப்பி என்பது நெல்லால் ஆயது என்னும் பொருள்கோளும் இதனோடு இயைகின்றது.

பெரும்பாணாற்றுப்படை கூறும் ஆக்கமுறை

உறந்தைக் கள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதனைப் பாட்டுக்கள் கூறவில்லை. ஆனால் தொண்டைநாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அரிசியினின்று ஒரு குடிவகை ஆக்கப்படுவதனைப் படிப்படியாக விரித்துரைக்கின்றது. இதனைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். சோழன் கரிகாலனைப் பட்டினப்பாலையிற் பாடியவரும் அவரே. எனவே தொண்டைநாட்டுச் செய்தியாயினும், சோழநாட்டை நன்கறிந்த புலவரின் நோக்கில் அமைந்தது எனக் கொள்ளலாம்.

அப்பகுதியின் பொருளைத் தொகுத்துரைப்பின் பின்வருமாறு அமையும். முதற்கண், குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குவர். இரண்டாவதாக, அதனை வாயகன்ற பிழா என்னும் கலத்திற் பரப்பி ஆற்றுவர். மூன்றாவதாக, புற்றின்கண் காணப்படும் குரும்பியை ஒத்த, பொலிந்த புறத்தினையுடைய நல்லடையை அதனுடன் கலப்பர். நான்காவதாக, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயினையுடைய சாடியில் ‘வழைச்சு’ நீங்கும்படி விளையவைப்பர். ஐந்தாவதாக, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து அரித்து, மணமுடைய பிழியாக எடுப்பர். தளர்ந்து வந்த பாணர்க்கு அதனைச் சுட்ட மீனுடன் அளிப்பர்.

இவ்வைந்து படியும் இக்காலத்துப் பீர் ஆக்கும் முறையோடு ஒத்து வருதல் வியப்பைத் தருவது. தானியத்திலுள்ள மாப்பொருளை ஈஸ்ட் நேரே உண்ணமாட்டாது. முதலில் அது சருக்கரையாக மாறுதல் வேண்டும். அதற்கெனச் சேர்ப்பதே அடை. சூடு மிக்க கூழில் ஈஸ்ட் இறந்துபடும். ஆதலின் ஆற்றுதல் இன்றியமையாதது. அகன்ற வாயுடைய கலத்தைப் புலவர் கூறியது அழகுக்காக மட்டுமன்று. கூழ் விரைந்து ஆறுதற்கு அகன்ற பரப்பே வேண்டப்படுவது. பிறகு நொதிக்கும்பொழுது எழும் வளியின் அழுத்தத்தைத் தாங்க வலிய வாயுடைய சாடி வேண்டும். கலங்களின் வாயைப் பற்றிய இருவேறு அடைகளும் தொழில்நுட்பத்தை அறிந்து இடப்பட்டவை என்பது தெளிவு. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கசப்பேற்றும் வழக்கம் ஒன்றே மேலைநாட்டுப் பீருக்கு உரியதாய் இதன்கண் இல்லாதது.

‘வழைச்சு’ என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. இளமை, பச்சைத்தன்மை என்பன அதன் பொருள். முழுதும் விளையாத பீரை ஆங்கில நாட்டார் ‘பச்சைப் பீர்’ என்று வழங்குவர். அதன்கண் பச்சை ஆப்பிளை நினைவூட்டும் ஒரு மணம் தோன்றும் என்றும், அது நீங்கும் வரை காத்திருத்தல் வேண்டும் என்றும் கூறுவர். அவர்கள் ஒரு தொடராற் கூறியதனைத் தமிழ் ஒரு சொல்லிலேயே அடக்கியது. வழைச்சு நீங்கிற்றா என அறிதல் மூக்கினாலும் நாவினாலும் ஆவதன்றிப் பிறிதொரு வழியால் ஆவதன்று. எனவே சுவைத்துத் தேரும் பழக்கம் அவ்வலைஞர் மனையில் இருந்தது என்பது இச்சொல்லாலேயே போதரும்.

நல்லடை யாது?

இப்பகுதியில் பொருள் துணிதற்கரிய சொல் ‘நல்லடை’ என்பதாகும். இதனை நெல்முளை எனக் கொள்ளும் உரை வழக்கிலுண்டு. முளைத்த தானியத்தில் மாப்பொருளைச் சருக்கரையாக்கும் நொதிகள் தோன்றுதலின், இப்பொருள் அறிவியலுக்கு முற்றும் பொருந்துவது. மேலைநாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பயன்படுத்துவதும் இது கருதியே. நாகாலாந்தில் அங்காமி மக்கள் ஆக்கும் ஸுதோ என்னும் அரிசிப் பீருக்கு முளைத்த நெல்லின் மாவே இன்றும் சேர்க்கப்படுகின்றது.

ஆயின் பிறிதொரு பொருளுக்கும் இடனுண்டு எனத் தோன்றுகின்றது. புலவர் காட்டும் உவமை குரும்பி, அஃதாவது புற்றாஞ்சோறு. புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் தம் உணவிற்கென வளர்க்கும் பூஞ்சணம் படர்ந்த மெல்லிய அடை. ஒடிசா, ஜார்க்கண்ட் ஆகிய நாட்டுப் பகுதிகளில் ஹாண்டியா என்னும் அரிசிப் பீருக்கு ரானு எனப்படும் வெண்ணிற உருண்டைகளைச் சேர்ப்பர். அரிசிமாவும் பச்சிலை வேர்களும் கலந்து உருட்டி உலர்த்திய அவ்வுருண்டைகளிலே பூஞ்சணமும் ஈஸ்டும் குடிகொண்டிருக்கும். அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் அபோங் என்னும் குடிவகைக்கும் இத்தகைய அடைகளே பயன்படுகின்றன. அடை என்னும் சொல் தட்டையாகத் திரட்டிய பண்டத்தைக் குறித்தலும், புறம் பூவோடு கூடியதாகச் சுட்டப்படுதலும், பூஞ்சணம் படர்தலைத் தமிழில் ‘பூத்தல்’ என்றே இன்றும் வழங்குதலும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. வெண்மையும் துளைகளும் கொண்ட புற்றாஞ்சோற்றிற்கு இடித்த முளையினும், பூஞ்சணம் பூத்த மாவடை மிகப் பொருத்தமான உவமேயமாகும்.

இவ்விரண்டனுள் எது புலவர் கருத்து எனச் சொல்லால் மட்டும் முடிவு செய்தல் இயலாது. முளை என்னும் பொருளை மறுப்பது எம் கருத்தன்று. இரண்டு முறைகளும் இந்திய நாட்டில் இன்றும் உயிருடன் உள்ளன. அவற்றை நேரிற் கண்டாய்ந்து, உவமையின் உருவத்தோடும் நிறத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எப்பொருள் கொள்ளினும், வலைஞர் ஆக்கியது தானியப் பீரேயன்றிப் பனங்கள் அன்று என்பது உறுதி. அதனை ‘கள்’ என்ற ஒரு சொல்லால் உரைத்து நிறுத்துங்கால் இத்தொழில்நுட்பம் முழுவதும் மாணவர் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது.

முதிர்வும் கடுப்பும் மணமும்

முதிர்விக்கும் முறைகளும் சங்கப் பாட்டுக்களிலே பலவாகக் காணப்படுகின்றன. பறம்பிலே நிலத்திற் புதைத்தனர் என மேலே கண்டோம். திருமுருகாற்றுப்படையில் குன்றவர், நீண்ட மூங்கிலில் விளைந்த தேன்தேறலைச் சுற்றத்துடன் பருகுகின்றனர். மலைபடுகடாமும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் கூறும். நிலத்தடியிற் புதைத்தால் வெம்மை ஒரே அளவில் நிற்கும்; மூங்கிலில் அடைத்தால் அதன் மணமும் குடிவகையிற் சேரும். மேலைநாட்டார் மரப்பீப்பாய்களில் இட்டு முதிர்வித்து மரமணம் ஏற்றுதலோடு இதனை ஒப்பிடலாம். சாடி, நிலம், மூங்கில் என மூன்று கலங்கள். அவற்றிற்கேற்ப மூன்று வேறு சுவைகள்.

கடுப்பினை உணர்த்தப் புலவர் ஆண்ட உவமைகள் இருவகைப்பட்டன. சிறுபாணாற்றுப்படை தேறலின் வேகத்தைப் பாம்பின் வெகுளிக்கு ஒப்பிடுகின்றது. புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினி தமக்களித்த, பல நாள் முதிர்ந்த தேறலைத் தேளின் கடுப்பிற்கு ஒப்பிடுகின்றார். இவ்விரண்டும் ஒன்றல்ல. பாம்பின் வெகுளி திடுமென எழுவது. தேளின் கடுப்பு ஓரிடத்தில் தொடங்கிப் பரவி நெடுநேரம் நிற்பது. முன்னது குடித்தவுடன் ஏறும் வேகம். பின்னது நாவில் நின்று நீடிக்கும் எரிவு. இக்காலச் சுவையறிவோரும் தொடக்கச் சுவை, எச்சச்சுவை என இரண்டாகப் பிரித்தே குறிப்பெழுதுவர். ஔவையார் தேளினை உவமித்த இடத்தில் நாட்பட்டது என்னும் குறிப்பினையும் உடன்வைத்தமை, முதிர்விற்கும் நீடித்த கடுப்பிற்கும் உள்ள தொடர்பை அவர் அறிந்திருந்தார் என்று கருதச் செய்கின்றது.

பழத்தினைக் கொண்டு சுவையுரைக்கும் வழக்கும் அன்றே இருந்தது. புறநானூற்றின் 258ஆம் பாட்டில் உலோச்சனார் கந்தாரம் என்னும் குடிவகையைப் பாடுங்கால், முள்ளுடைய காரையின் முதிர்ந்த பழத்தினை அதற்கு உவமையாக்கினார். உவமை நிறம் பற்றியதாயின் அது காட்சியளவை. சுவை பற்றியதாயின் அது நாவளவை. மெயில்கார்டின் சக்கரத்திலும் பழமணங்கள் தனியே இடம்பெற்றுள்ளன. அங்கே ஆப்பிளும் வாழைப்பழமும் நிற்குமிடத்தில் நம் புலவர்க்குத் தம் முல்லைக்காட்டுக் காரைப்பழம் நின்றது.

ஒப்பிடும் நாவு

சுவைத்தல் வேறு, ஒப்பிட்டுத் தேர்தல் வேறு. பின்னதற்கும் சான்று உண்டா எனின், உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து இரவுப்பொழுதினைக் கூறுமிடத்து, மகளிர் பட்டாடையை நீக்கித் துகிலை உடுத்தனர் எனவும், மட்டினை நீக்கி மதுவினை உண்டு மகிழ்ந்தனர் எனவும் உருத்திரங்கண்ணனார் இணைத்துரைக்கின்றார். பட்டும் துகிலும் ஒன்றல்ல. அவை பொழுதிற்கேற்ப மாற்றி உடுக்கப்படுவன. அவ்வாறே மட்டும் மதுவும் பொழுதிற்கேற்ப மாற்றிப் பருகப்படுவன. ஆடையிணையை அருகே வைத்துப் புலவர் குடிவகை இணையின் வேறுபாட்டை ஐயத்திற்கிடமின்றி நிறுவிவிட்டார். இங்கே ‘கள்ளை விட்டுக் கள்ளை உண்டனர்’ என உரைகூறுதல் இயலுமோ?

பிறநாட்டுக் குடிவகையும் ஒப்பீட்டிற்குரியதாயிற்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுடைய தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்க என வாழ்த்துகின்றார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் ஆம்போரா எனப்படும் மேலைநாட்டுச் சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. அவற்றுட் பல திராட்சை மது கொணர்ந்தவை என ஆராய்ந்தோர் கண்டனர். அயல்நாட்டு மதுவிற்கும் நக்கீரர் இட்ட பெயர் தேறல் என்பதே. வண்டல் நீங்கித் தெளிந்த அம்மதுவிற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல்லை அவர் தேர்ந்தார். தோப்பி என்றோ பிழி என்றோ கூறிற்றிலர். சொல்லின் வேறுபாட்டை உணர்ந்து ஆண்டமைக்கு இதுவும் ஒரு சான்று.

குடியும் கடியும்

இவ்வாய்வினைக் கண்டு, குடியைப் போற்றுவதோ என ஐயுறுவார் இருக்கலாம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தமை அனைவரும் அறிந்தது. அவரே காமத்துப்பாலில், அடப்பட்ட நறவு உண்டார்க்கன்றி மகிழ்ச்சி தாராது எனவும், காமமோ கண்ட அளவிலேயே மகிழ்விப்பது எனவும் வேறுபடுத்திக் காட்டினார். கடிந்துரைத்த சான்றோரும் பொருளின் இயல்பை அறிந்தே உரைத்தனர். ஒன்றை விலக்குதற்கும் அதன் பெயரைத் தெளிவுறப் பொருள்கோடல் வேண்டும். சொல்லாராய்ச்சி விலக்கிற்குப் பகையன்று.

சட்டத்தின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்த்தப்பெற்றது, பின்னரும் பலமுறை மாறிற்று. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குதல் தடையுற்றிருக்கின்றது. எனவே, ஒருகாலத்தில் கள்ளால் பெயர் பெற்ற உறந்தையில் இன்று கள் இல்லை. ஆலையில் ஆக்கிப் புட்டியில் அடைத்த பீரே உண்டு. சுவையறி பொழுதுபோக்கு வேற்றூர்களில் வளர்ந்தபொழுது, அதற்குரிய சொற்கள் அனைத்தும் ஆங்கிலமாகவே வந்தன. தேறல், வழைச்சு, அரியல், தோப்பி ஆகிய சொற்கள் ஏட்டில் உறங்குகின்றன. பொருள் வழக்கிழப்பின் சொல்லும் வழக்கிழத்தல் இயல்பு. ஆனால் வழக்கிழந்த சொல்லின் பொருளையும் இழந்துவிடுதல் ஆய்வாளர் ஒப்பத்தக்கதன்று.

முடிபு

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துக்கள் பெறப்படும். சங்கச் செய்யுட்களில் வரும் குடிவகைப் பெயர்கள் யாண்டும் ஒருபொருட் பன்மொழியல்ல. மூலப்பொருள், ஆக்கமுறை, தெளிவு, முதிர்வு, மணம், கடுப்பு ஆகியவற்றால் வேறுபட்டன. மட்டினது தேறல் என்னும் புறநானூற்று ஆட்சியும், மட்டினை நீக்கி மதுவினை உண்டமை கூறும் பட்டினப்பாலைச் செய்தியும் இதனை நிறுவும். பெரும்பாணாற்றுப்படை விரித்துரைப்பது பனங்கள் அன்று. தானியப் பீர் ஆக்கும் முறையாகும். உறந்தைக் கள்ளிற்கு இட்ட இரண்டு அடைகளும் ஒருங்கு நிற்றற்கரிய இரண்டு பண்புகளைச் சேர்த்துரைக்கும் மதிப்பீடாகும்.

இனிச் செய்ய வேண்டுவன சில உள. இப்பெயர்கள் வரும் இடங்கள் அனைத்தையும் தொகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள அடைகளையும் வினைகளையும் உவமைகளையும் நிரல்படுத்தி ஒரு சொல்லடைவு ஆக்குதல் வேண்டும். நல்லடை பற்றிய இருபொருளையும், அரிசிப் பீர் ஆக்கும் மக்களிடையே சென்று கண்டு ஆராய்தல் வேண்டும். உரையெழுதுவார், தேறலைத் தேறல் என்றும் தோப்பியைத் தோப்பி என்றும் வேறுபடுத்திப் பொருள் கூறுதல் வேண்டும். பங்குனி விழா கழிந்த மறுநாள் அரங்கத்தின் அடுப்புக்களில் தீ இல்லாதொழிந்தது. ஆயினும் அவ்வடுப்புக்களில் முன்னாள் யாது அடப்பட்டது என்பதனைச் சொற்கள் இன்னும் நமக்குக் கூறும். ஒரே உரையால் அவற்றை மூடிவிடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டறிதல் நம் கடனாகும்.